கப்பலுக்கு வாடகை பேசும் வேலை பெண்ணுக்கு ஆகாதா?

கப்பல் படிப்பு என்றதுமே வெள்ளை யூனிபார்ம், மாதக்கணக்கில் கடல், வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் அம்மா என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். கரையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற கப்பல் தொழிலும் இருக்கிறது. துறைமுக ஊரான தூத்துக்குடியிலேயே பல வீடுகளுக்கு இது தெரியவில்லை. மற்ற ஊர்த் தோழியருக்கு எப்படித் தெரியும்?

சரக்கு வைத்திருப்பவருக்குக் கப்பல் வேணும். கப்பல் வைத்திருப்பவருக்குச் சரக்கு வேணும். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வாடகை பேசி முடிப்பவர்தான் ஷிப் புரோக்கர். இப்படிக் கப்பலை வாடகைக்கு எடுப்பதை சார்ட்டரிங் என்கிறார்கள். ஒரு நடைக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் டன்னுக்கு இவ்வளவு என்று பேச்சு. குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்தால் நாளுக்கு இவ்வளவு. "லாரி புக்கிங் மாதிரிதானே?" என்று கேட்கலாம். அதே மாதிரிதான், ஆனால் தொகையைப் பாருங்கள். 50 ஆயிரம் டன் நிலக்கரிக்கு, டன்னுக்கு 20 டாலர் என்று வைத்துக்கொண்டால் வாடகை 10 லட்சம் டாலர். வழக்கமான புரோக்கர் கமிஷன் ஒன்றேகால் சதவீதம். அதுவே 12,500 டாலர்!

நமக்கும் இந்த ஊருக்கும் இது புதுசு இல்லை. 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது முதலில் சொந்தக் கப்பல் கிடையாது, வாடகைக் கப்பல்தான். வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியால் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கிவிட, இலங்கையிலிருந்து வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் கப்பல் ஓட்டிய தமிழன் என்று படித்தோமே தவிர, இந்த வாடகைக் கதையை யார் சொன்னார்கள்?

இந்தத் தொழிலுக்கு முறையான படிப்பும் இருக்கிறது. லண்டனில் 1911ல் ஆரம்பித்து, 1920ல் அரச சாசனம் பெற்ற 'இன்ஸ்டிடியூட் ஆஃப் சார்ட்டர்டு ஷிப்புரோக்கர்ஸ்' என்ற அமைப்பு தேர்வு நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே, வீட்டிலிருந்தபடி படிக்கலாம். பாடத்துக்கு விடை எழுதி அனுப்பினால் ஆசிரியர் திருத்தி அனுப்புவார். கப்பல் வணிகம், சட்டம், பொருளாதாரம், சரக்குக் கப்பல் சார்ட்டரிங் என்று பாடங்கள்.

என் நாத்தனார் மகள் பி.காம். முடித்து மூன்று வருஷமாக இங்கே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறாள். அவள்தான் எனக்கு 'லே டைம்' கணக்கு சொல்லிக்கொடுத்தாள். சரக்கை ஏற்றி இறக்க இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். மழை பெய்து வேலை நின்றால் அந்த நேரம் சேருமா, ஞாயிற்றுக்கிழமை சேருமா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிற வார்த்தையைப் பொறுத்தது. நாள் தாண்டினால் டெமரேஜ், நம்ம ஆட்டோ வெயிட்டிங் சார்ஜ் மாதிரி. இதில் ஒரு வேடிக்கை. டெமரேஜ் ஓட ஆரம்பித்துவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அப்புறம் மழையும் ஞாயிறும் விலக்கு இல்லையாம், எல்லாம் கணக்கில் ஏறுமாம். கந்துவட்டி தோற்றது போங்கள்! பால் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று பைசா விடாமல் பார்க்கிற நமக்கா இது வராது?

ஆனால் ஆபீசில் அவளுக்குக் கிடைத்தது டைப் அடிக்கிற வேலைதான். அந்தத் தேர்வை எழுதுகிறேன் என்று வீட்டில் கேட்டாள். "கல்யாணத்துக்குச் சேர்க்கிற பணத்தை இதில் போடுவதா? ராத்திரியில் வெளிநாட்டு ஆட்களோடு போனில் பேசணுமாமே" என்று அவள் அப்பா மறுத்துவிட்டார். ராத்திரி போன் வருவது நிஜம்தான். லண்டனில் காலை 9 மணி நமக்கு மதியம் ஒன்றரை அல்லது இரண்டரை. அவர்கள் வேலை முடிக்கும்போது நமக்கு இருட்டிவிடும். நர்ஸ் பெண்கள் ராத்திரி டூட்டி பார்க்கவில்லையா? இது வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற போன்.

இத்தனைக்கும் அவள் தம்பிக்கு, "ஆறு மாசப் பயிற்சி, கப்பலில் வேலை கேரண்டி" என்று போர்டு வைத்த ஓர் இடத்தில் எண்பதாயிரம் கட்டினார்கள். சர்டிபிகேட் மட்டும்தான் வந்தது, வேலை வரவில்லை. பையன் என்றால் விசாரிக்காமல் பணம் கட்டலாம், பெண் என்றால் விசாரித்துவிட்டு வந்து கேட்டாலும் கிடையாதா? எனக்கு மனசு ஆறவில்லை.

பிள்ளைகளைச் சேர்க்குமுன் ஒன்றைப் பாருங்கள். கடலுக்குப் போகிற பயிற்சி என்றால் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த இடமா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். கரை வேலைக்கான 'ஷிப்பிங் கோர்ஸ்' என்றால், முடிவில் எந்த அமைப்பின் தேர்வை எழுதுவோம் என்று கேளுங்கள். "எங்கள் சர்டிபிகேட்டே போதும்" என்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று வருஷம் உங்கள் ஆபீசில் உழைத்த பெண்ணுக்குத் தேர்வுக் கட்டணத்தில் பாதியாவது கட்டினால் குறைந்தா போவீர்கள்? ஒரு நாள் டெமரேஜை அவள் கணக்குப் பார்த்து மிச்சம் பிடித்தாலே கட்டணத்துக்கு மேல் திரும்பிவிடும்.

இந்தத் தேர்வை எழுதிய பெண்கள் யாராவது இதைப் படித்தால், எப்படிப் படித்தீர்கள், இப்போது என்ன வேலை என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். எங்கள் அண்ணாச்சி கையில் அதைக் கொடுக்க வேண்டும்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி.