தொலைவிலிருந்து ஒரு தென்னந்தோப்பு

2025-ஆம் ஆண்டில் தேங்காய் எண்ணெயின் விலை ஏறிய ஏற்றத்தை நம் சாலைக் கடைத்தெருவில் மறந்தவர் எவரும் இரார். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை எந்தக் கடையில் நின்றாலும் பேச்சு அதுவாகவே இருந்தது. வாங்குவோர் மனம் நொந்தனர். கொள்முதல் செய்து விற்போரும் மகிழ்ந்தாரில்லை. தோப்பு உடையவர்களாவது மகிழ்ந்திருப்பர் என்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணமும் தவறென்பதை நம் சங்கக் கூடத்தில் ஒரு மாலை வேளையில் அறிந்தோம்.

பலசரக்கு வணிகம் செய்துவரும் முதியவர் ஒருவர் அன்று வந்திருந்தார். செங்கோட்டையை அடுத்த சிற்றூரில் அவருடைய தந்தையார் வைத்துப்போன தென்னந்தோப்பு ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, கோயில் கொடைக்குச் செல்லும்போது, அதைப் பார்த்து வருவது அவர் வழக்கம். காய் விலை உச்சத்தில் நின்ற அந்த ஆண்டில்தான் அவருடைய மரங்கள் காய்ப்பு ஓய்ந்து நின்றன. ஓலைகள் மஞ்சளித்து, அவற்றின் இலைகள் உள்நோக்கி வளைந்து, பட்டினி கிடந்தவன் விலா எலும்பைப் போலத் தோன்றினவாம்.

அவர் நம்மைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, 1963-லே தும்பாவில் முதல் இராக்கெட்டு விட்டார்களே, அன்று மாலை வானத்தில் தோன்றிய செம்மஞ்சள் புகையை நான் சிறு பிள்ளையாக நின்று பார்த்தவன். அன்று முதல் இன்று வரை எத்தனையோ கோள்களைச் சுற்ற விட்டுவிட்டார்கள். ஒன்றின் கண்ணிலாவது என் தோப்பு படவில்லையா?"

உடனிருந்தோர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அது கேட்கத்தக்க கேள்வியே. மக்கள் வரிப்பணத்தில் வானுக்குச் சென்ற கண், மக்களின் தோப்பைக் காண்கிறதா என்று கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. இம்மாதம் இப்பகுதியை அவ்வினாவுக்கு விடையாகவே எழுதுகிறோம்.

தொலையுணர்வு என்பது ஒரு பொருளைத் தொடாமலே, அதனிடமிருந்து வரும் ஒளியைக் கொண்டு அதன் நிலையை அறியும் கலை. இக்கலையை நம் நாட்டில் தொடங்கி வைத்த சோதனைகளுள் தலையாயது தென்னையைப் பற்றியதே என்றால் அன்பர்கள் வியப்படைவர். அச்சோதனை நடந்த இடமும் தொலைவில் இல்லை. நமக்கு வடக்கே உள்ள காயங்குளம் பகுதிதான்.

தென்னையின் வேர்வாடல் நோய் பழைய பகை. 1882-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் பின்னர், கோட்டயத்தை அடுத்த ஈராற்றுப்பேட்டையில் இது முதன்முதல் காணப்பட்டதாகக் கூறுவர். அங்கிருந்து சிறிது சிறிதாகப் பரவித் தென் கேரளத்துத் தோப்புகளில் ஊன்றிவிட்டது. இந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. உயிரோடு வைத்து ஆண்டாண்டாக மெலியச் செய்வது. எத்தனை தோப்புகளில் எவ்வளவு மரங்கள் நோயுற்றன என்று காலால் நடந்து எண்ணுவது எளிதன்று. எண்ணி முடிப்பதற்குள் நோய் அடுத்த ஊருக்குச் சென்றுவிடும்.

1970-ஆம் ஆண்டில் பிஷாரடி என்னும் பேரறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். பாலக்காட்டுக் கொல்லங்கோட்டில் 1909-இல் பிறந்தவர், சர் சி. வி. இராமனிடம் பயின்றவர், வானிலை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். ஹெலிகாப்டரில் கேமராவை ஏற்றி, அகச்சிவப்புக் கதிரைப் பதியும் தனிப்பட்ட பிலிமைக் கொண்டு, தென்னந்தோப்புகளை மேலிருந்து படமெடுக்கச் செய்தார். நோயுற்ற மரங்களை நலமுள்ளவற்றினின்று பிரித்தறியக்கூடும் என்பது அப்படங்களால் புலனாயிற்று. இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று அவர் போற்றப்படுவதற்கு இம்முயற்சியே தோற்றுவாய்.

அகச்சிவப்புக்கு அத்தகைய ஆற்றல் எங்கிருந்து வந்தது? பசிய இலை, தன் மேல் விழும் சிவப்பு ஒளியின் பெரும்பகுதியை உணவு சமைப்பதற்கு உட்கொள்கிறது. பச்சையைச் சற்றே திருப்பி அனுப்புகிறது; ஆகவே நம் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றுகிறது. சிவப்புக்கு அப்பால், நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்புக் கதிரையோ மிக ஏராளமாக எதிரொளிக்கிறது. இலையின் உள்ளே செல்கள் அமைந்திருக்கும் முறையே அதற்குக் காரணம். இலை வாடி, பசுமை குன்றி, மரத்தின் தலை மெலியும்போது அகச்சிவப்பு குறைகிறது, சிவப்பு கூடுகிறது. இவ்விரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால் பயிரின் நலம் ஓரளவு விளங்கும். வைத்தியர் நாடி பார்ப்பதை இதற்கு உவமையாகச் சொல்லலாம். நாடி, உடம்பில் கோளாறு உண்டென்று சொல்லும். கோளாறு இன்னதென்று அறிய வைத்தியர் மேலும் ஆராயவேண்டும்.

ஹெலிகாப்டர் செய்த வேலையைச் செயற்கைக்கோளுக்குக் கொடுத்தது அடுத்த படி. அமெரிக்கர் 1972-இல் லாண்ட்சாட் என்னும் கோளை ஏவி இத்துறையில் வழிகாட்டினர். நம் நாட்டின் பாஸ்கரா என்னும் சோதனைக் கோள் 1979-இல் சோவியத் நாட்டிலிருந்து விண்ணேறியது. 1988 மார்ச்சு 17-இல் முதல் தொலையுணர்வுக் கோளாகிய ஐ. ஆர். எஸ்.-1ஏ, அந்நாட்டின் பைக்கனூரிலிருந்து சென்றது. கோள் நம்முடையது, ஏற்றிச் சென்ற இராக்கெட்டு பிறருடையது. அக்குறையும் 1994 அக்டோபர் 15-இல் தீர்ந்தது. அன்று பி. எஸ். எல். வி. என்னும் நம் இராக்கெட்டு ஐ. ஆர். எஸ்.-பி2 என்னும் கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றிச் சென்று நிலைநிறுத்தியது. அந்த இராக்கெட்டை உருவாக்குவதில் முதன்மையாக உழைத்த விக்கிரம் சாராபாய் விண்வெளி மையம் நம் திருவனந்தபுரத்துத் தும்பாவில்தான் இருக்கிறது.

இக்கோள்கள் சுற்றும் முறையைச் சிறிது விளக்குவோம். வளங்களை ஆராய்வதற்கென்றே 2011-இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2, நிலத்துக்கு மேல் 817 கிலோமீட்டர் உயரத்தில் வடதுருவம் தென்துருவமாகச் சுற்றுவதற்கு அமைக்கப்பட்டது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 நிமிடம். கோள் துருவங்களைச் சுற்ற, பூமி தன்னைத்தான் சுற்ற, நாள்தோறும் புதிய புதிய நிலப்பரப்பு அதன் கீழே வரும். 24 நாட்களில் பழைய பாதை மீண்டும் கிட்டும். ஓரிடத்தை எப்போது கடந்தாலும் அங்கே காலை பத்தரை மணியளவாகவே இருக்கும். வெயிலின் சாய்வு ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தால்தான் இன்றைய படத்தை முன்னைய படத்தோடு ஒப்பிட இயலும்.

இப்போது நம் அன்பரின் தோப்புக்கு வருவோம். அக்கோளின் கேமராக்களுள் ஒன்று, நிலத்தை 23.5 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பார்க்கும். தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி என்று கொண்டால், ஒரு கட்டத்துக்குள் ஏறத்தாழ பத்து மரங்கள் அடங்கும். பத்து மரங்களின் பசுமையும், இடையே உள்ள புல்லும், வாழையும், நிழலும் ஒன்றாகக் கலந்து ஒரே புள்ளியாகிவிடும். அதில் ஒரு மரத்தின் துன்பம் தெரிய வழியில்லை. 5.8 மீட்டர் அளவுக்குப் பிரித்துப் பார்க்கும் கேமராவும் அதில் வைக்கப்பட்டது. 2019-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3, கால் மீட்டர் அளவுக்குக் கறுப்பு வெள்ளைப் படமெடுக்க வல்லதாக அமைந்தது. ஆகவே, "கண்ணில் படவில்லையா?" என்ற கேள்விக்கு, "பட்டிருக்கும்" என்பதே நம் விடை.

அந்த விடையோடு நின்றுவிட்டால் அன்பருக்கு நாம் நீதி செய்தவராகோம். மஞ்சளித்த ஓலை வேர்வாடலுக்கு மட்டும் உரிய அடையாளம் அன்று. மக்னீசியச் சத்துக் குறைந்தாலும் ஓலை மஞ்சளிக்கும். நீர் இன்றி வாடினாலும் மெலியும். வானிலிருந்து காணும் கண்ணுக்கு இவை யாவும் குன்றிய பசுமையே. ஆதலால் அறிஞர்கள் படத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் இறங்குகிறார்கள். ஐயமுள்ள இடங்களில் மரத்தடியில் நின்று, ஓலையைக் கையால் தொட்டு, படம் சொன்னது மெய்யா என்று சோதிக்கிறார்கள். இந்த நிலச் சோதனை இல்லாத தொலையுணர்வு வெறும் வண்ணச் சித்திரமாகவே முடியும்.

மழைக்காலத்தில் மேகம் திரையிட்டுவிடும் என்பது மற்றொரு தடை. அதைக் கடப்பதற்கு ரேடார்க் கோள்கள் உண்டு. 2012-இல் ரிசாட்-1-உம், 2022-இல் இ. ஓ. எஸ்.-04-உம் அவ்வகையில் ஏவப்பட்டன. அவை தாமே அலைகளை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு மேகத்தின் ஊடாகவும் இருளிலும் நிலத்தைக் காண்பன. 2024 ஜூலை 30-இல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை மண் மூடிய துயரத்தை நாம் மறக்கவில்லை. மறுநாளே எடுக்கப்பட்ட கோட்படங்களைக் கொண்டு, 86,000 சதுர மீட்டர் நிலம் சரிந்ததையும், கல்லும் மண்ணும் ஆற்றின் வழியே எட்டுக் கிலோமீட்டர் பாய்ந்ததையும் ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் கணித்துக் கூறியது. ஆயினும் மண்ணில் புதைந்தவர்களை எடுத்தவை மனிதரின் கைகளே.

கடலுக்கும் இவ்வாறே. நீர்ப்பரப்பின் வெப்பத்தையும், கடலின் நிறத்தால் அறியப்படும் நுண்பாசியின் அளவையும் கோள்கள் அளக்கின்றன. மீன் கூடுவதற்கு வாய்ப்புள்ள பகுதிகளை இவற்றைக் கொண்டு கணித்து மீனவருக்கு அறிவிக்கும் முறை நம் நாட்டில் உண்டு. எனினும் வலையை வீசுவது கோள் அன்று.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபின் அன்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் கோளும் நானும் ஒரே தொழில்தான் செய்கிறோம். அது மேலிருந்து பார்க்கிறது, நான் சாலையிலிருந்து பார்க்கிறேன்" என்றார்.

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நாம் அனைவரும் தொலைவிலிருந்து பார்ப்பவர்களே. ஊர் வீட்டின் கூரையையும், கிணற்று நீரையும், முதிய தாயாரின் உடல்நிலையையும் தொலைபேசிக் குரலைக் கொண்டு கணித்து வருகிறோம். "எல்லாம் சுகம்" என்ற சொல்லையே நலமாகக் கொள்கிறோம். குத்தகைக்காரர் மூன்றாண்டுகளுக்கு முன்னரே மஞ்சள் கண்டதைச் சொல்லியிருக்கிறார். கொடை நெருக்கடியில் அன்பர் மேலெழப் பார்த்துத் திரும்பிவிட்டார். செய்தி இருந்தது, மரத்தடியில் நின்று சோதிப்பதற்கு ஆள் இல்லை.

வேர்வாடலை அறவே தீர்க்கும் மருந்து இல்லை. நுண்ணுயிர் ஒன்று பூச்சிகளின் வாயிலாக மரத்துக்கு மரம் பரவுவதே அந்நோய். ஆயினும் மிக நலிந்த மரங்களை அகற்றி, எஞ்சியவற்றுக்கு உரமும் நீரும் ஒழுங்காக இட்டு, நோய் தாங்கும் கன்றுகளை நட்டு வந்தால் தோப்பைக் காக்கலாம். காயங்குளத்து ஆராய்ச்சி நிலையத்தார் அத்தகைய கன்றுகளை உருவாக்கியுள்ளனர். காலம் தாழ்த்தாமல் தொடங்குவதே இதில் முக்கியம்.

நம் வீட்டு இளைஞருக்கும் ஒரு சொல். "புவன்" என்னும் பெயரில் நம் நாட்டுக் கோட்படங்களை 2009 முதல் மக்கள் காண வழி செய்திருக்கிறார்கள். அதில் உங்கள் பாட்டனார் ஊரைத் தேடிப் பாருங்கள். குளமும் தோப்பும் எங்கே என்று பெரியவர்களைக் கேளுங்கள். அடுத்த விடுமுறையில் அவ்விடத்துக்குச் சென்று நின்று பாருங்கள். படமும் நிலமும் எங்கே ஒத்தன, எங்கே மாறின என்று குறித்து வாருங்கள்.

நம் அன்பர் கொடைக்குக் காத்திராமல் சென்ற வாரமே செங்கோட்டைக்குப் பயணமானார். பேரனையும் உடன் அழைத்துச் சென்றிருக்கிறார். வேளாண்மை அலுவலர் ஒருவர் தோப்புக்கு வர இசைந்துள்ளாராம். எத்தனை மரங்கள் பிழைக்கும் என்பது அவர் திரும்பி வந்தபின் தெரியும்.