மூடவிடாத ஜன்னல்

எங்கள் மயிலாப்பூர் குடியிருப்பின் பராமரிப்புக் கணக்குக்கு ஒரு தம்பி எக்செல்லில் படிவம் செய்து தந்தார். மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் 'அனுமதி இல்லை' என்கிறது. திரும்ப அழுத்தினாலும் அதே பல்லவி. பொருளாளர் மாமி பொறுமையிழந்து சுவிட்சையே அணைத்துவிட்டார். அன்று பதிந்த வரவு அத்தனையும் போயிற்று.

விபிஏவில் படிவம் மூடுமுன் 'குவெரிகுளோஸ்' ஓடும். அதில் 'குளோஸ்மோட்' 0 என்றால் மூடச் சொன்னது மனுஷன். 'கேன்சல்' ட்ரூ ஆனால் ஜன்னல் மூடாது. சேமிக்காததைப் பற்றி ஒரு தடவை கேட்கத்தான் அந்த வசதி. ஆளை அடைத்து வைக்கவா? சுவிட்சை அணைத்தால் அது ஓடவே ஓடாதே, அதையாவது யோசிக்க வேண்டாமா?

நானும் கவுண்ட்டர் ஜன்னலில் உட்கார்ந்தவன்தான் (பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'கிஷே'). ரொக்கம் சரிபார்ப்போம், பிறகு மூடுவோம். தம்பி, 'சேமிக்கவா?' என்று கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள்.