பிளீச்சிங் வாடை

காலையில் குழாயடியில் குடத்தை வைத்தால் நெடி மூக்கில் ஏறுகிறது. "இன்னைக்கு மருந்து கூட" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பிடித்துப் போகிறார். அதே நெடிக்குப் பயந்து அடுத்த வீட்டில் 20 லிட்டர் கேன் வந்து இறங்குகிறது. குளோரின் தண்ணீர் குடித்தால் புற்றுநோய் வரும் என்று கைப்பேசியில் வந்த தகவல் வேறு.

அந்தப் பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டோம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த ஜோஹன்னஸ் ரூக், 1974இல் ஒன்றைக் கண்டு சொன்னார். ஆற்றுநீரில் ஊறிக் கிடக்கும் மக்கிய இலைதழைகளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற சேர்மங்கள் உண்டாகின்றன. பல வருடங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இதுதான் காரணம் என்று இன்னும் முடிவு கட்டப்படவில்லை. காலராவும் டைபாய்டும் அப்படிக் காத்திருப்பதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், இந்தச் சேர்மங்களைக் குறைக்கப் போய்க் கிருமிநீக்கத்தைக் கோட்டை விட்டுவிடக் கூடாது என்கிறது.

ஆக, குற்றவாளி குளோரின் மட்டுமல்ல, அது தண்ணீரில் சந்திக்கும் அழுக்கும்தான். ஆற்றில் சாக்கடையை விடுகிறோம். சாக்கடையில் இருக்கும் அம்மோனியா குளோரினைப் பிடித்துக்கொண்டு குளோரமின் ஆகிறது. கிருமியைக் கொல்வதில் அது மந்தம், நெடியில் மட்டும் குறைவில்லை. வாடை தூக்கலாக இருக்கிறதே, மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று நாம் நினைக்கும் நாளில் பல நேரம் போதிய குளோரினே இருக்காது. வண்ணமீன் வளர்ப்பவர்கள் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து தொட்டியில் ஊற்றுவார்கள். குளோரின் அப்படிப் பறந்துவிடும். குளோரமின் லேசில் போகாது, மீன்தான் போகும்.

கிராமத்து மேல்நிலைத் தொட்டிக்கு வருவோம். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் விட வேண்டும். அரைமணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும். நடப்பது என்ன? வாய் கட்டாத மூட்டை மழைக்காற்றில் கட்டிதட்டி, வீரியம் போய்க் கிடக்கிறது. டேங்க் ஆபரேட்டர் கைக்கு வந்ததை அள்ளிப் போடுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வாங்குகிற சொற்பச் சம்பளத்தில் தராசும் அவரே வாங்க வேண்டுமா? கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைச் சோதித்துப் பார்ப்பதற்குச் சின்னக் குப்பியும் சில சொட்டுச் சோதனை மருந்தும் போதும்.

அமைச்சர் வருகிறார் என்றால் மட்டும் பவுடருக்குப் பஞ்சமே இல்லை. சாலையின் இருபுறமும் கோலமாவு போல வெள்ளைக் கோடு. ஒரு கொசுவும் அதற்குச் சாவதில்லை. மழை பெய்தால் அத்தனையும் கால்வாய்க்கும் குளத்துக்கும் போகிறது.

ரூக்கின் நாட்டில் இன்று குளோரின் வாடையே இல்லாமல் குழாயில் தண்ணீர் வருகிறது. ஆற்றுநீரை மணற்குன்றுகளில் இறக்கி வடிகட்டினார்கள், குழாய்க் கசிவை அடைத்தார்கள், எந்நேரமும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் குளோரினை நிறுத்தினார்கள். நமக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். வராத நாளில் வெற்றுக் குழாய், பக்கத்தில் ஓடும் சாக்கடையை விரிசல் வழியே உறிஞ்சுகிறது. இந்த நிலையில் குளோரின் வேண்டாம் என்பது தற்கொலை. அளக்காமல் கொட்டுவதும் நியாயமில்லை.

தொட்டிச் சுவரில் 'சுத்தம் செய்த நாள், அடுத்து சுத்தம் செய்யும் நாள்' என்று பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே இன்றைய குளோரின் அளவையும் தினமும் எழுதட்டும். பெயின்ட்கூட வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும்.