கல்லீரல் வைரஸ் பரிசோதனை: எமது சங்கத்தின் நிலைப்பாடு

கண் மஞ்சளித்தால் மட்டுமே கல்லீரலைப் பற்றிக் கவலைகொள்ளப் பழகிய நம் ஜனங்களிடையே, பசியும் உறக்கமும் குன்றாதிருக்கும்போதே இருபது முப்பது வருஷ காலம் கல்லீரலை அரித்து, கடைசியில் மகோதரமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படக்கூடிய ஹெபடைடிஸ் பி, சி என்னும் இரு வைரஸ்களின் சுபாவம் போதிய அளவு உணரப்படவில்லை. ஆகவே, வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு தடவையேனும், கர்ப்பிணிகள் ஒவ்வொரு கர்ப்பத்தின் ஆரம்பத்திலும், இவ்விரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது எமது சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைப் பரிசோதனைப் பட்டையில் இட்டால், அரை மணி நேரத்துக்குள் ஒரு கோடா, இரண்டு கோடா என்பது தெரிந்துவிடும். இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாயிருந்தாலும் அலட்சியம் செய்யலாகாது. ஆயினும் அதுவே முடிவான தீர்ப்பும் அன்று. சி வைரஸின் விஷயத்தில், அந்தக் கோடு என்றைக்கோ தொற்று நேர்ந்திருப்பதைக் காட்டுமேயன்றி, வைரஸ் இன்னும் உடலில் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் நிர்ணயிக்கும். இருந்தால், பெரும்பாலும் 12 வார மாத்திரைகளிலேயே 100க்கு 95 பேருக்குப் பூரண குணம் கிட்டுகிறது. பி வைரஸை அடியோடு அகற்றும் மருந்து இன்னும் இல்லை. தேவைப்படுவோருக்கு அன்றாடம் ஒரு மாத்திரை அதை அடக்கி வைக்கிறது. தாயிடமிருந்து பிரசவ வேளையில் அது தொற்றினால் 100 சிசுக்களில் 90க்கு ஆயுள் முழுதும் நிலைத்துவிடக்கூடும் என்பதால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடுவதும், தாய்க்குத் தொற்று இருப்பின் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவதும் அத்தியாவசியம்.

கீழாநெல்லியின் மீது நம் மக்களுக்குள்ள பற்றை நாம் பரிகசிக்கவில்லை. பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சென்னை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 1988இல் அந்த மூலிகையைப் பற்றி நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டதுண்டு. பிற்கால ஆய்வுகள் அவற்றை உறுதி செய்யவில்லை. பச்சிலை அரைத்துக் குடித்ததால் கண் தெளிந்தது என்று ஆறுதல் அடைந்து, பரிசோதனையைத் தள்ளிப்போடுவதையே நாம் ஆட்சேபிக்கிறோம்.

வளைகுடா வேலைக்குப் புறப்படும் இளைஞர் சிலர், விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் தமக்குத் தொற்றிருப்பதை முதன்முதலாக அறிகிறார்கள். ‘தகுதியில்லை’ என்று எழுதிய சீட்டு கையில் கிடைக்கிறதேயொழிய, அடுத்து எந்த வைத்தியரிடம் போவது என்று சொல்ல அங்கே ஆளில்லை. சேர்ந்து உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, ஒரே அறையில் வேலை செய்வதாலோ பரவாத வியாதியைக் காரணம் காட்டி உத்தியோகத்தையோ, கல்லூரி இடத்தையோ, விடுதி அறையையோ மறுப்பது அநியாயம் என்பதோடு, மற்றவர்களைப் பரிசோதனைக்கே வராமல் அஞ்சி ஒதுங்கச் செய்வதுமாகும்.

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28இல் தொடங்கப்பட்டு, இலவசப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழி செய்திருக்கிறது. அந்த வழி ஆரம்ப சுகாதார நிலையம் வரை நீள வேண்டும்; சம்மதம் பெற்றே இரத்தம் எடுக்க வேண்டும்; முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் தனியே சொல்ல வேண்டும்; தொற்று உள்ளவர்க்கு அடுத்த பரிசோதனைக்கான இடமும் தேதியும் அப்போதே எழுதித் தரப்படவும், அவர் குடும்பத்தாருக்குப் பரிசோதனையும், தொற்றில்லாதோருக்குப் பி தடுப்பூசியும் கிடைக்கவும் அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.