கப்பலுக்கு எந்தக் கத்தி?

டிசம்பர் லீவு வந்தால் டெல்லித் தமிழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். இரண்டு மாசம் முன்னாடியே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டு ஊருக்குப் போகிற கட்சி ஒன்று. "வருஷா வருஷம் ஊர்தானா?" என்று வேறெங்காவது கிளம்புகிற கட்சி இன்னொன்று. இந்த இரண்டாவது கட்சிக்குக் கொஞ்ச காலமாகக் கப்பல் ஆசை பிடித்திருக்கிறது. 2021 செப்டம்பரில் கொர்டீலியா கப்பல் மும்பையிலிருந்து ஓட ஆரம்பித்ததிலிருந்து கோவா, லட்சத்தீவு என்று இரண்டு மூன்று ராத்திரிப் பயணம் போய்வந்த குடும்பங்கள் எங்கள் அடுக்குமாடியிலேயே நாலைந்து உண்டு. நாங்களும் போனோம்.

கிளம்புகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: "சார், சின்னதா ஒரு கத்தி எடுத்துட்டுப் போகலாமா?" என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், எப்போதும் பாக்கெட்டில் பேனாக்கத்தி வைத்திருக்கிற ஆசாமி என்று என் பெயர் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது :-)

என் பதில் ஒன்றுதான். எடுத்துப் போங்கள். ஆனால் போனால் அழத் தேவையில்லாத கத்தியாக எடுத்துப் போங்கள்.

முதலில், கப்பலில் கத்திக்கு என்ன வேலை? தங்கமணியின் கேள்வியும் இதுதான். சாப்பாடு மூன்று வேளையும் பஃபேயில் வரிசையாக வைத்திருப்பார்கள். தர்பூசணி, பப்பாளி எல்லாம் நறுக்கியே இருக்கும். நம் ஊர் வழக்கப்படி புளியோதரைப் பொட்டலம், முறுக்கு டப்பா என்று கட்டிக்கொண்டு போகவும் முடியாது, வெளிச்சாப்பாடு ஏற்றக்கூடாது என்பார்கள். அப்புறம் எதை நறுக்கப் போகிறோம்?

நறுக்க ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியில் மாட்டிய பிளாஸ்டிக் டேகை அறுக்க வேண்டும். ராத்திரி விருந்துக்கென்று வாங்கிய புதுச் சட்டையின் விலைச்சீட்டை வெட்ட வேண்டும். புடவை ஃபால்ஸிலிருந்து நூல் தொங்கும். கடல் காற்றில் தலைசுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்க முடியாது. மூக்குக்கண்ணாடியின் ஆணி சரியாகக் கப்பலில்தான் கழலும். மரப்படியைப் பிடித்து ஏறிய கையில் சிராய் ஏறும். இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புரியும். வேண்டியது பெரும்பாலும் கத்தரிக்கோலும், சின்ன இடுக்கியும், திருப்புளியும்தான். கத்தி கூடவே வருகிற உறவுக்காரர்.

அடுத்தது அளவு. "மூணு அங்குலம் வரைக்கும் ஓகேதானே?" என்று கேட்பார்கள். எந்தச் சட்டத்துக்கு மூன்று அங்குலம்? இந்திய ஆயுத விதிகளில் உரிமம் கேட்கும் அளவு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம், அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ளவை சேராது. டெல்லியில் 1980-லேயே ஓர் அறிவிக்கை போட்டிருக்கிறார்கள்: பட்டன் தட்டினால் விரிகிற வகைக் கத்தியில் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிவிட்டால் பொது இடத்தில் உரிமமில்லாமல் வைத்திருக்கக் கூடாது. விமானத்துக்குள் கைப்பையில் என்றால் கத்தியே கூடாது. 2022-இல் சீக்கியர்களின் கிர்பானுக்கு மட்டும் உள்நாட்டு விமானங்களில் அனுமதி தந்தார்கள்: வெட்டும் பாகம் 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலத்துக்குள். அமெரிக்காவிலோ 2013-இல் 6 செ.மீ.க்கு உட்பட்ட சின்னக் கத்திகளை விமானத்தில் விடலாம் என்று அறிவித்துவிட்டு, விமானப் பணியாளர்கள் போட்ட சத்தத்தில் மூன்றே மாதத்தில் பின்வாங்கினார்கள். கப்பல் கம்பெனிகளோ ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தடைப்பட்டியல் வைத்திருக்கிறது. ஒன்று சின்னதை விடும், இன்னொன்று எதையும் விடாது.

ஆகவே அங்குலக் கணக்கை மனப்பாடம் செய்து பிரயோஜனமில்லை. ஸ்கேனருக்குப் பின்னால் நிற்கிற ஆள்தான் அந்த நிமிஷத்துக்குச் சட்டம். அவரோடு ஆயுத விதிகளைப் பற்றி வாதம் செய்தால் உங்கள் பின்னால் நிற்கிற ஐம்பது பேரும் உங்களைத்தான் முறைப்பார்கள். அவர் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தருகிற அளவில் ஒரு கத்தி இருந்தால் போதும்.

என் பெரியம்மாவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்யாணத்துக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைப் பாக்குவெட்டி. பிடியில் கிளி மூக்கு. அறுபது வருஷம் சுருக்குப்பையிலேயே இருந்தது. பேரனைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறியபோது ஏதோ ஒரு விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். விதிப்படி சரிதான். ஆனால் "பாட்டி, இதைப் பெரிய பெட்டிக்குள்ள வெச்சுடுங்க" என்று கவுண்டரிலேயே சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்புறம் போன் போட்டு, கடிதம் எழுதி, ஒன்றும் நடக்கவில்லை. பெரியம்மா அதற்கப்புறம் வெற்றிலை போடுவதையே விட்டுவிட்டார். உடம்புக்கு நல்லதுதான் என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை.

சரி, எதை வாங்குவது?

ஆபீசில் இருக்கும் உத்தரப் பிரதேச நண்பர் ராம்பூரிதான் கத்தி என்பார். ஊர்ப் பாசம். ராம்பூரில் 2023-இல் 20 அடியில் ஒரு கத்தியையே நட்டுவைத்துச் சிலையாக்கியிருக்கிறார்கள். பட்டனைத் தட்டி விரிக்கிற அந்தச் சாமானோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறப் போனால் லீவு முழுக்கத் துறைமுகக் காவல் நிலையத்தில்தான் கழியும். மரப்பிடி போட்ட பிரெஞ்சு ஒப்பினெல் கத்தி எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று, பழம் வெட்ட அதற்கு ஈடில்லை. ஆனால் ஈரக்காற்றில் அந்த மரம் உப்பிக்கொண்டு கத்தி வெளியே வர அடம் பிடிக்கும். கார்பன் இரும்பு ரகமாக இருந்தால் உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளி வேறு. லெதர்மேன் மாதிரி குறடு வைத்த கருவிகள் கப்பலை ரிப்பேர் செய்யப் போகிறவர்களுக்கு.

என்னைக் கேட்டால் விக்டோரினாக்ஸ் கிளாசிக். மடித்தால் 58 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நீளம். ஒரு குட்டிக் கத்தி, கத்தரிக்கோல், நகம் ராவும் அரத்தின் முனையில் திருப்புளி, இடுக்கி, பல்குத்தி. மேலே சொன்ன பட்டியலில் முக்கால்வாசி இதில் முடிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு, பெயரின் வாலில் இருக்கும் 'இனாக்ஸ்' பிரெஞ்சில் அதைத்தான் குறிக்கிறது. 1884-இல் ஆரம்பித்த கம்பெனி, 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. அப்படிப்பட்டவர்களே 2024-இல், கத்தியே இல்லாத பாக்கெட் கருவி ஒன்றைத் தயாரிக்கும் யோசனையில் இருப்பதாகச் சொன்னார்கள் என்றால் காலம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் இருநூறு ரூபாய்க்கு இதே சிவப்பில் கிடைக்கும். அதன் கத்தரிக்கோல் நூலை வெட்டாது, மெல்லும்.

அதுவும் வேண்டாம் என்றால் நம் நகவெட்டி இருக்கவே இருக்கிறது. ரயிலில் சீப்பு, தாழ்ப்பாள் சங்கிலியோடு விற்றுக்கொண்டு வருவார்களே, உள்ளே ஒரு குட்டிக் கத்தியும் பாட்டில் திறப்பானும் மடித்துவைத்தது. இந்தியர்களின் உண்மையான பேனாக்கத்தி அதுதான் என்பது என் கட்சி.

பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் நான் கிளாசிக்கைச் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

என் அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். இப்போது எங்களோடு டெல்லியில். அவரிடம் ஒரு கத்தி உண்டு. பழைய ஹாக்ஸா பிளேடைத் தீட்டி, பித்தளை ஆணி அடித்து, கூட வேலை பார்த்த ஒருவர் செய்துகொடுத்தது. காலையில் ஆப்பிள் தோல் சீவுவதிலிருந்து மாத்திரைப் பட்டையைக் கீறுவது வரை எல்லாம் அதில்தான். கப்பல் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கத்தி விடுவானா?" என் மகள், "தாத்தா, அங்க எல்லாம் வெட்டியே குடுப்பாங்க" என்றாள். அவர் சொன்னார்: "வெட்டிக் குடுப்பான்மா. நான் கேக்கணுமே."

நாம் பெரியவர்களை இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்கிறோம். பாஷை தெரியாத ஊரில் ஆட்டோவுக்கு நம்மைக் கேட்க வேண்டும், டாக்டருக்கு நம்மைக் கேட்க வேண்டும், டிவி ரிமோட்டுக்குப் பேத்தியைக் கேட்க வேண்டும். யாரையும் கேட்காமல் அவர்கள் செய்துகொள்கிற வேலைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதில் ஒன்றை, நாலு நாள்தானே என்று பிடுங்கி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதே சமயம் அந்த ஹாக்ஸா கத்தியைத் துறைமுகத்து ஸ்கேனருக்குப் பலி கொடுக்கவும் சம்மதமில்லை. செய்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொன்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

கிளாசிக்கை அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். எழுபத்தாறு வயது விரலுக்கு அந்த நகப்பள்ளம் பிடிபடவில்லை. ஆகவே அவருக்கு விக்டோரினாக்ஸ் கேடட். 84 மில்லிமீட்டர், அலுமினியப் பிடி, சொரசொரப்பாக இருப்பதால் வழுக்காது. கத்தரிக்கோல் இல்லை, ஆனால் அவருக்குக் கத்திதான் வேண்டும். வெட்டும் பாகம் டெல்லிக்காரர்களின் 7.62 செ.மீ.க்கும் உள்ளேதான். பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே கொடுத்துவிட்டேன், கை பழகட்டும் என்று. முதல் வாரம் முறைத்தார். அப்புறம் இரண்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இனி மூட்டை கட்டுகிற விஷயம். டெல்லியிலிருந்து மும்பைக்கு விமானம் என்றால் கத்தி செக்‌-இன் பெட்டிக்குள் மட்டும். மலிவாக இருக்கிறதே என்று கைப்பை மட்டும் உள்ள டிக்கெட் போட்டிருந்தால் கத்தியை மறந்துவிடுங்கள், வேறு வழியில்லை. (பவர் பேங்க் இதற்கு நேர் எதிர், அது கைப்பையில்தான் வர வேண்டும். இரண்டையும் ஒரே பவுச்சில் போட்டுவைத்து கவுண்டரில் பெட்டியைக் குடைகிறவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.) கப்பல் கம்பெனியின் தடைப்பட்டியலை முன்னாடியே படித்துவிடுங்கள். கத்தி என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அளவு போட்டிருக்கிறதா, மொத்தமாகக் கூடாது என்றிருக்கிறதா என்று பாருங்கள். கூடாது என்றிருந்தால் ஒளித்துக் கொண்டுபோகிற சாமர்த்தியம் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் துறைமுகத்தில் நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள். அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டால் அறை எண் எழுதிய ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பொருள் தானம் கொடுத்த பொருள்.

லட்சத்தீவில் படகில் இறங்கிக் கரைக்குப் போகும்போது கத்தியை அறையிலேயே விட்டுப் போங்கள். திரும்பி ஏறும்போது பையை மறுபடி ஸ்கேனரில் போடுவார்கள். கரையில் இளநீர் வெட்ட அந்த ஊர்க்காரர்களிடம் நம்முடையதைவிட நல்ல அரிவாள் இருக்கிறது.

இறங்குவதற்கு முந்தின ராத்திரி பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். கப்பல்காரர்கள் வாங்கி வைத்திருந்தால் அன்று சாயங்காலமே எப்போது, எங்கே திருப்பித் தருவார்கள் என்று கேட்டு வையுங்கள். காலையில் ஆயிரம் பேரோடு வரிசையில் நின்றுகொண்டு கேட்கிற விஷயமில்லை அது. உங்களிடமே இருந்தால் பெட்டியை வாசலுக்குத் தள்ளும் முன் கத்தி உள்ளே போய்விட்டதா என்று பாருங்கள். பெரியவர்களின் சட்டைப்பையையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.