அழிஞ்சிலுக்கு யார் துணை?

வீட்டில் தோட்டம் போடுகிறவர்களில் ஒரு புது ரகம் தோன்றியிருக்கிறது. இவர்கள் மண்வெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு வண்ணப் படம் பார்த்துவிடுகிறார்கள். குளிர் தேசத்தில் எடுத்த படம். அதில் ஒரு சிறு மரம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். காலடியில் இளஞ்சிவப்பாய்ப் பூத்த புதர்கள். அவற்றின் கீழே பாய் விரித்தாற்போல் பெரணி. மரத்தின் பெயர் டாக்வுட். "இந்த மாதிரி ஒரு மரம் வேண்டும். பக்கத்தில் துணைக்கு என்னென்ன செடி வைக்கலாம்?" என்று நர்ஸரிக்காரரைக் கேட்கிறார்கள். எங்கே நின்றுகொண்டு தெரியுமா? காஞ்சிபுரத்தில், சித்திரை மாதத்து வெயிலில்!

நர்ஸரிக்காரர், பாவம், வியாபாரம் செய்ய வந்தவர். அந்த மரம் கிடையாது என்று சொல்லி, நாலு குரோட்டன்ஸையும் கொஞ்சம் கொரியப் புல்லையும் தலையில் கட்டிவிடுகிறார். ஆனி மாதத்துக்குள் புல் கருகிப் போகிறது. "இந்த ஊர் மண்ணே சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்லி, கொல்லை முழுவதும் சிமெண்டு போட்டு மெழுகிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை. மண்ணின்மேல் ஒரு குற்றமும் இல்லை. துணை தேடியவர்கள் தேடிய முறைதான் குற்றம்.

டாக்வுட்டின் சங்கதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், பெரிய மரங்களின் ஓரமாக, அரை நிழலில் வளர்கிற சிறு மரம் அது. படத்தில் நாம் இதழ் என்று எண்ணி மயங்குகிறோமே, அந்த நாலு வெள்ளையும் இதழே அல்ல. பூவைச் சுற்றி நிற்கும் இலைகள்தாம் அப்படி வேஷம் போடுகின்றன. உண்மையான பூக்கள் நடுவில் பொத்தான் மாதிரிச் சிறு கொத்தாக இருக்கின்றன. இலை மக்கிய, சற்றே புளித்த மண் அதற்கு வேண்டும். வேர் ஆழம் போகாது. ஆகையால் தரை குளிர்ந்திருக்க வேண்டும். அந்த ஊர்த் தோட்டக்காரன் அதன் காலடியில் அஸேலியாவை வைப்பது இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஜோடி சேரும் என்பதற்காக மட்டுமல்ல. அஸேலியாவும் அதே புளித்த மண்ணைக் கேட்கிறது, அதே அரை நிழலைக் கேட்கிறது. பெரணி தரையை மூடி ஈரத்தைக் காக்கிறது. அழகு, அந்த ஏற்பாட்டில் கிடைத்த வட்டி. நம்மவர்கள் முதலை விட்டுவிட்டு வட்டியை மட்டும் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

மற்ற ஊர்க்காரர்கள் இப்படி ஏமாந்தால் மன்னிக்கலாம். காஞ்சிபுரத்தார் ஏமாறலாமா? கோர்வை என்றால் என்னவென்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த ஊராயிற்றே! புடவையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டுக்கும் தனித் தனி நாடா ஓட வேண்டும். தறியில் நெசவாளிக்கு இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். அரக்கும் பச்சையும் பார்வைக்குப் பொருந்துகின்றனவா என்பது கடையில் புடவை எடுக்கிறவர் பார்க்கும் பார்வை. தறியில் உட்கார்ந்திருக்கிறவர் பார்ப்பது வேறு: உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றனவா? பற்று சரியாக இருந்தால் புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். தோட்டத்திலும் துணை என்பது அந்தப் பற்றுத்தான். நிறப் பொருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வேருக்கு வேர், தண்ணீருக்குத் தண்ணீர், வெயிலுக்கு வெயில் பொருந்த வேண்டும்.

"அப்படியானால் டாக்வுட் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?" என்று கேட்பீர்கள். விட வேண்டாம். அதன் பங்காளி ஒருவர் இந்த ஜில்லாவிலேயே குடியிருக்கிறார். அவர் பெயர் அழிஞ்சில். முன்பு தாவர சாஸ்திரிகள் இதைத் தனிக் குடும்பமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, டாக்வுட் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார்கள். செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் புதர்க் காடுகளிலும் குன்றடிகளிலும் தானாக முளைத்து வளர்கிறது. முன்பனியில் இலை உதிர்க்கும். மாசி பங்குனியில், புதுத் தளிர் வருமுன்னரோ அதனுடனோ, வெள்ளையாய்ப் பூத்து மணக்கும். மெல்லிய இதழ்கள் பின்னால் சுருண்டு நிற்கும். இங்கே பூவாகத் தெரிவது பூவேதான், வேஷம் கிடையாது. பிறகு கருஞ்சிவப்பாய்ப் பழம் பழுக்கும்; பறவைகள் வரும்.

இந்த மரத்துக்கு இலக்கியப் பெருமையும் உண்டு. ஆதிசங்கரர் பாடியதாகச் சொல்லப்படும் சிவானந்தலஹரியில், பக்தி இன்னதென்று விளக்க வரும் உவமைகளில் முதலாவது இதுதான். விழுந்த விதை மறுபடியும் தாய் மரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. ஏறழிஞ்சில் என்ற பெயரே அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். விதை ஏறுகிறதோ இல்லையோ, காமாட்சி கோயிலோடு சங்கரரைச் சேர்த்துப் பேசும் ஊரில் அவர் உவமைக்கு எடுத்த மரத்துக்கு ஒரு கொல்லையிலாவது இடம் இருக்க வேண்டாமா?

"ஐயையோ, அது மை போடுகிறவர்களின் மரம் ஆயிற்றே!" என்று சிலர் பதறுவார்கள். அழிஞ்சில் தைலத்தை மைக்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்காக மரத்தை ஊரை விட்டு விலக்குவது, கொலைகாரன் கத்தி பிடித்தான் என்பதற்காக அரிவாள்மனையை வீட்டில் வைக்க மாட்டேன் என்பது போல. மெய்யான குறைகள் வேறு இருக்கின்றன, அவற்றைச் சொல்லிவிடுகிறேன். கிளை நுனிகள் முள்ளாக முடியும். நடைவழியில் வைக்கக் கூடாது. மெதுவாகத்தான் வளரும். வேர்ப்பட்டை மருந்துச் சரக்கு, வாந்தி உண்டாக்கும். வைத்தியர் சொல்லாமல் தொடக் கூடாது.

இனித் துணைக்கு வருவோம். வேர் பிடித்த அழிஞ்சில் அதிகத் தண்ணீர் கேட்காது. ஆகவே வாழையை அதன் பக்கத்தில் வைப்பது இருவருக்கும் கெடுதல். வாழையைப் பாத்திரம் தேய்க்கும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வையுங்கள். மரத்தடியின் அரை நிழலுக்கு வெட்சி நல்ல துணை. சிவப்புக் கொத்து வேண்டும் என்கிற ஆசையும் அதிலேயே தீர்ந்துவிடும். நிழல் விழாத தென்புறத்தில் அவுரி வைக்கலாம். அது பயறு ஜாதி. வேரிலுள்ள முடிச்சுகளால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தரும். இன்னும் சற்றுத் தள்ளி, மணற்பாங்கான மூலையில் சாயவேர், அதாவது இம்பூறல். வேரைத் தோண்டி எடுக்க வேண்டிய செடி என்பதால் அதை மரத்தடியில் வைக்கக் கூடாது. வேலியோரம் நொச்சி. உதிர்ந்த அழிஞ்சில் சருகைப் பெருக்கிக் கொளுத்தாமல் அங்கேயே விடுங்கள். டாக்வுட்டுக்குப் பெரணி செய்கிற காரியத்தை இங்கே சருகு செய்யும்.

அவுரியையும் சாயவேரையும் வேண்டுமென்றேதான் சொன்னேன். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சாயங்கள் இவை. 1868-ல் ஜெர்மன் ரசாயனிகள் சிவப்புச் சாயத்தின் சாரமான அலிஸரினைச் சோதனைச் சாலையில் செய்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் அது கடைக்கு வந்தது. சாயவேர் பயிரிடுவோரின் பிழைப்பு படிப்படியாகப் போயிற்று. பழைய தொழிலைக் கொல்லையில் திரும்ப நடத்தச் சொல்லவில்லை. ஆனால் நெசவாளர் தெருவில் பிறந்த குழந்தை, நிறம் என்பது பொட்டலத்தில் பிறப்பதன்று, வேரிலும் இலையிலும் பிறந்தது என்று ஒரு தரமாவது கண்ணால் பார்க்க வேண்டாமா?

காஞ்சி என்பதே ஒரு மரத்தின் பெயர். ஆற்றங்கரையில் நிற்கும் மரம். ஆற்றுப்பூவரசு என்றும் சொல்வார்கள். ஊரின் பெயர் அதிலிருந்து வந்தது என்று கருதுவோரும் உண்டு. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். வீடு திரும்பியதும் கொல்லைக்குச் சிமெண்டு விலை விசாரிக்கிறோம். பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களில், தறியும் கூடமும் தாண்டிப் போனால் கிணறும் கொல்லையும் வரும் வீடுகள் இருந்தன. அந்தக் கொல்லைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. மூடிய தரையில் ஐப்பசி மழை தெருச் சாக்கடைக்குப் போகிறது. பங்குனியில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம்.

ஆகையால் படத்தைத் தூக்கிப் போடுங்கள். கொல்லையில் ஒரு நாள் காலை முதல் மாலை வரை நிழல் எங்கே போகிறது என்று பாருங்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஓர் அழிஞ்சில் கன்றை நட்டு, அதற்கு ஏற்ற நாலு துணையைச் சேருங்கள். சிமெண்டுக்காரரை வரச் சொல்லியிருந்தால், அவருக்கு இன்றைக்கே சொல்லி அனுப்பிவிடுங்கள்: வேலை இல்லை என்று.