காலிப்பருக்கு கலர் ஓகே... தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா?

பெங்களூருவில் இருந்து வார இறுதியில் சேலம் பக்கம் காரில் வருபவரா நீங்கள்? அப்படியானால் தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய் இறக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 டிசம்பர் 12-ல் சிமென்ட் லாரி மோதி 4 பேர், 2024 ஜனவரி 24-ல் மீண்டும் லாரி மோதி 4 பேர் என உயிர்ப்பலி தொடரும் சாலை இது. இந்த இறக்கத்தில் இறங்கும் கார்கள் சிலவற்றின் சக்கரத்துக்குள் இப்போது சிவப்பு, மஞ்சளில் காலிப்பர் பளபளக்கிறது. அழகுதான். ஆனால் பாதுகாப்பா?

பவுடர் கோட்டிங் என்றால்?

வீட்டு கேட், கிரில்லுக்குச் செய்வதேதான். மின்னேற்றம் செய்த பவுடரை உலோகத்தின் மேல் தெளிப்பார்கள். அது ஒட்டிக்கொண்டதும், சுமார் 180 - 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைப்பார்கள். உருகி, கெட்டியான படலமாகிவிடும். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டை விட உழைக்கும், துருவைத் தடுக்கும். ஆனால் பிரேக் திறன் துளியும் கூடாது.

சிக்கல் எங்கே?

அந்த ஓவன் சூட்டில்தான். காலிப்பருக்குள் பிஸ்டன், அதைச் சுற்றி ரப்பர் சீல், டஸ்ட் பூட் எல்லாம் இருக்கும். கழற்றாமல் ஓவனில் வைத்தால் ரப்பர் போச்சு. பிரேக் ஆயில் கசியும். பிஸ்டன் துளை, மரைகள், பேட் நகரும் இடம், ஸ்லைடு பின் துளை ஆகியவற்றை மறைக்காமல் பவுடர் அடித்தாலும் ஆபத்து. படலம் தடிமனாகி, பேட் பின்னால் நகராமல் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே இருக்கும்.

இறக்கத்தில் என்ன ஆகும்?

உரசினால் சூடு. சூடு ஏறினால் பிரேக் ஆயில் கொதிக்கும். புது டாட்-3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள். மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

கடையில் என்ன கேட்கணும்?

* காலிப்பரை முழுசா பிரிச்சுத்தான் செய்வீங்களா?
* பழைய துரு, எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பீங்களா?
* சீல், டஸ்ட் பூட் புதுசு போடுவீங்களா?
* புது பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்துத் தருவீங்களா?

ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் வண்டியைத் திருப்பிவிடுங்கள். ‘கழற்றவே வேண்டாம், அரை மணி நேரத்தில் முடிச்சிடலாம்’ என்றால் அது பவுடர் கோட்டிங்கே இல்லை.

வேலை முடிந்ததும் நேராகக் கணவாய்க்குப் போகாதீர்கள். சமதளத்தில் மெதுவாக ஓட்டி, பலமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் மெக்கானிக்கிடம் திரும்புங்கள்.

தொப்பூரில் இறங்கும்போது குறைந்த கியர் போதும். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். இன்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்கும். காலிப்பர் எந்தக் கலராக இருந்தாலும் இதுதான் விதி.